மசக்கையில் வயிற்றைக் காயப் போடாதீர்கள்

கர்ப்பிணிகளை வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது என் வேலை. அக்கா செய்த அதே தவறைத் தங்கையும் அச்சுப் பிசகாமல் செய்வதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். காரம் குறை, எண்ணெய் குறை என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விடுவோம்.

வாந்தி வருதே என்று பட்டினி கிடப்பது

இதுதான் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரவழைக்கிறது. சாப்பிட்டால்தானே வெளியே வரும், சாப்பிடாமலே இருந்துவிடலாம் என்று ஒரு கணக்கு. வயிறு காலியானால் குமட்டல் கூடுமே தவிரக் குறையாது.

சேலம் அம்மாப்பேட்டையில் ஒரு பெண், இரண்டாம் மாதம். ராத்திரி ஏழு மணிக்கு ஒரு இட்லி. அப்புறம் மறுநாள் உச்சி வரை காபி மட்டும். "மசக்கைன்னா அப்படித்தான் கண்ணு இருக்கும், நாங்க பெத்துக்கலையா?" என்று மாமியார். நான் போனபோது உதடு வெடித்திருந்தது. கடைசியாக எப்போது சிறுநீர் போனாய் என்று கேட்டால், யோசித்துத்தான் சொன்னாள். அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்து குளுக்கோஸ் ஏற்ற வேண்டியதாயிற்று. கூடவே இருந்ததில் கணவருக்கு அந்த வாரத் தறிக்கூலியும் போனது.

தலைமாட்டில் ஒரு டப்பாவில் பொரியோ ரஸ்க்கோ வையுங்கள். கண் விழித்ததும் கட்டிலைவிட்டு இறங்காமல், சாய்ந்து உட்கார்ந்து நாலு வாய் மெல்லுங்கள். கால் மணி நேரம் கழித்து மெதுவாக எழுந்திருங்கள். அப்புறம் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு இட்லி, ஒரு கை பொட்டுக்கடலை, கொஞ்சம் தயிர்சாதம் என்று ஏதாவது உள்ளே போகட்டும். தண்ணீரைச் சாப்பாட்டோடு சொம்பு சொம்பாகக் குடிக்காமல், இடையிடையே மடக்கு மடக்காகக் குடியுங்கள்.

இஞ்சியை அளவில்லாமல் போடுவது

இஞ்சி கேட்கும், உண்மைதான். ஆனால் வெறும் வயிற்றில் கெட்டிக் கஷாயம் குடித்தால் நெஞ்செரிச்சல்தான் மிச்சம். நாளுக்குச் சுக்குப்பொடி 1 கிராம் போதும், டீஸ்பூனில் பாதி. ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

ஜவ்வரிசிக் கஞ்சியோடு நிறுத்திக்கொள்வது

நம் ஊர்ச் சரக்கு, வயிற்றிலும் தங்கும். ஆனால் மரவள்ளி மாவுச்சத்தைத் தவிர அதில் பெரிதாக ஒன்றுமில்லை. குமட்டல் அடங்குகிற நேரம் பார்த்துப் பருப்பு, முட்டை, மோர் சேருங்கள்.

உப்பு நார்த்தங்காயை நாள் முழுக்கச் சப்புவது

ஒரு துண்டு போதும்.

ஃபோலிக் அமில மாத்திரையை நிறுத்துவது

நிறுத்தாதீர்கள். காலையில் ஒத்துக்கொள்ளாவிட்டால் ராத்திரி போடுங்கள்.

எல்லா வாந்தியையும் மசக்கைக் கணக்கில் எழுதுவது

பெரும்பாலும் 6-வது வாரவாக்கில் தொடங்கி, 9-வது வாரம் உச்சத்துக்குப் போய், 14-வது வாரத்துக்குள் தணியும். 24 மணி நேரமாகத் தண்ணீர்கூடத் தங்கவில்லை, 8 மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, எழுந்தால் தலை சுற்றுகிறது, வாந்தியில் ரத்தம், எடை இறங்குகிறது: இதில் ஒன்று இருந்தாலும் கைவைத்தியத்தை ஓரம் வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஏற்காட்டு மலைக் கிராமங்களில் இருப்பவர்கள் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.