திரையிலும் சூரை என்றே வரட்டும்: மைன்கிராஃப்ட் மாடை நாமே பில்ட் செய்யும் முறை

பாம்பனில் என் அக்கா மகன் மைன்கிராஃப்டில் ஒரு மீன்பிடி மாட் (விளையாட்டில் புதியவற்றைச் சேர்க்கும் துணை நிரல்) போட்டு விளையாடுகிறான். அவன் அப்பா வல்லத்தில் கொண்டுவரும் சூரை, திரையில் டியூனா என்று வருகிறது. வீட்டில் சொல்லும் பெயர் விளையாட்டிலும் வரவேண்டும் என்று எனக்கு ஆசை. பெயரை மட்டும் மாற்ற, படங்களையும் பெயர்களையும் மாற்றும் கோப்புத் தொகுப்பான ரிசோர்ஸ் பேக்கே போதும். ஆனால் மாடின் மூல நிரலான சோர்ஸிலேயே சேர்த்து, அதை ஓடக்கூடிய கோப்பாக மாற்றி, அதாவது பில்ட் செய்து பார்த்துவிட்டால், அந்தக் கோப்பை மாடை எழுதியவருக்கே அனுப்பலாம், எல்லாருக்கும் தமிழ் கிடைக்கும்.

இங்கே மாட்களை ஏற்றும் கருவியான ஃபேப்ரிக்குக்கு எழுதிய மாட், மைன்கிராஃப்ட் 1.20.1 என்று வைத்துக்கொள்வோம். கட்டளைகளை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

முதலில் ஜாவா. விளையாட்டைத் திறக்கும் லாஞ்சரோடு வரும் ஜாவா விளையாட மட்டுமே. பில்ட் செய்ய ஜேடிகே (ஜாவாவில் நிரல் உருவாக்கும் தொகுப்பு) வேண்டும். 1.20.1-க்கு ஜேடிகே 17, 1.21-க்கு 21. புதியதுதான் நல்லது என்று 21 போட்டு நான் ஒரு மாலை முழுக்கத் திணறினேன். "மேஜர் வெர்ஷன் 65" என்று பிழை வந்தால், பில்ட் வேலையைச் செய்யும் கருவியான கிரேடிலின் பழைய பதிப்புக்கு ஜாவா 21 புரியவில்லை என்று அர்த்தம். 17 போட்டு, ஜாவா இருக்கும் இடத்தைச் சொல்லும் ஜாவா ஹோம் என்ற அமைப்பு அதைக் காட்டுகிறதா என்று பாருங்கள்.

அடுத்து, நிரலைச் சேமித்துப் பகிரும் கருவியான கிட் மூலம் மாடின் சோர்ஸைக் குளோன் செய்து (நகலெடுத்து), 1.20.1-க்கான கிளைக்கு மாறுங்கள். ஜிப்பாக இறக்கினால் சில மாட்கள் பில்ட் ஆகாது, அவை பதிப்பு எண்ணை கிட்டிலிருந்து எடுக்கின்றன.

இப்போது ரிசோர்சஸ், அசெட்ஸ், மாடின் பெயர், லாங் என்று கோப்புறைகளுக்குள் போங்கள். அங்குள்ள ஆங்கிலக் கோப்பை நகலெடுத்து, பின்னொட்டை மாற்றாமல் டிஏ அடிக்கோடு ஐஎன் என்று பெயர் வைத்து, யூடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள். இடப்பக்கச் சொற்களைத் தொடாமல் வலப்பக்கம் மட்டும் மாற்றுங்கள்: சூரை, சூடை, நெத்திலி, திருக்கை. கடைசி வரிக்குப் பின் காற்புள்ளி கூடாது. விட்டுப்போன பெயர்கள் ஆங்கிலத்திலேயே வரும்.

சரி, பில்ட். குளோன் செய்த மாடின் முதன்மைக் கோப்புறையில் டெர்மினலைத் திறந்து, அங்குள்ள கிரேடில் ராப்பர் ஸ்கிரிப்ட்டின் பெயரோடு (கிரேடில் என்பதோடு டபிள்யூ சேர்ந்த பெயர்) பில்ட் என்று தட்டுங்கள். பவர்ஷெல்லில் முன்னால் புள்ளியும் பின்சாய்கோடும் வேண்டும். முதல் தடவை சில நூறு எம்பி இறங்கும். மொபைல் டேட்டாவில் செய்பவர்கள் காலையிலேயே தொடங்குங்கள். கச்சான் காற்றில் எங்களுக்குக் கரண்ட் போய்ப் போய் வந்தது. முழுதாக இறங்கிய கோப்புகள் மீண்டும் இறங்குவதில்லை, அதனால் பயப்படாமல் அதே கட்டளையைத் திரும்பக் கொடுங்கள்.

முடிந்ததும் பில்ட் கோப்புறைக்குள் லிப்ஸில் இரண்டு ஜார் (பில்ட்டில் உருவான கோப்பு) இருக்கலாம். சோர்சஸ் என்று முடிவது வேண்டாம். மற்றதை மைன்கிராஃப்டின் மாட்ஸ் கோப்புறையில் போட்டு, பழைய ஜாரை எடுத்துவிடுங்கள். மாட்களுக்குத் தேவையான துணை மாடான ஃபேப்ரிக் ஏபிஐ-யும் அங்கே இருக்க வேண்டும். லாஞ்சரில் ஃபேப்ரிக்கைத் தேர்ந்தெடுத்து, மொழியைத் தமிழாக்குங்கள். கொம்பும் ஐகாரக் குறியும் கொஞ்சம் இடம் மாறித் தெரியலாம்.

அன்று ராத்திரி அவன் தூண்டில் போட்டான். முதலில் வந்தது சூடை. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினான்.