தஞ்சைக் கலைக்கூடமும் அத்தை வீட்டு அம்மனும்

வெளிநாட்டிலிருந்து தஞ்சாவூர் போகிறவர்கள் பெரிய கோயிலோடு திரும்பிவிடாதீர்கள். அரண்மனைக் கலைக்கூடத்துக்கு அரை நாளாவது ஒதுக்குங்கள். திருவெண்காட்டில் மண்ணுக்கடியில் கிடைத்த ரிஷபவாகன தேவர் அங்கேதான் நிற்கிறார். 1011-ஆம் ஆண்டுச் செப்புத் திருமேனி. சடையைத் தலைப்பாகையாகச் சுற்றி, கால்மேல் கால் மாற்றி, வலக்கையை மடித்து எருதின்மேல் சாய்ந்திருக்கிறார். எருது தொலைந்துவிட்டது. ஆனாலும் அந்தக் கைக்கடியில் அதன் முதுகு தெரியும். அவசரப்படாமல் சுற்றிவந்து பாருங்கள்.

பார்த்தால் இதுபோல ஒன்று வேண்டும் என்று தோன்றும். சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகில் வடித்து, காவிரி வண்டல் மண் பூசி, அதே முறையில் வார்த்துத் தருவார்கள். புத்தம் புதுச் சிலைதானே என்று இருந்துவிடாதீர்கள். வெளிநாட்டுக்குக் கொண்டுபோக ரசீதும், தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழும் கையில் இருக்க வேண்டும். ஊருக்குப் போனவுடனே அந்த வேலையைத் தொடங்குங்கள். திருட்டுப்போன ஸ்ரீபுரந்தான் நடராசர் ஆஸ்திரேலியாவிலிருந்து 2014-இல்தான் மீண்டார். கெடுபிடி நியாயமானது.

எனக்கு வினை வீட்டுக்குள்ளிருந்து வந்தது. அத்தை வீட்டை விற்கிறார். பூசையறை அம்மனைக் கொடுத்து, "அண்ணனுக்குப் பிறகு நீதான் உரியவன், கொண்டுபோ" என்றார். ஒரு சாண் உயரம். அபிஷேகத்தில் மூக்கு தேய்ந்துபோயிருந்தது. பீடத்தின் இடுக்கில் பழைய குங்குமம் கெட்டிப்பட்டிருந்தது. கொள்ளுப்பாட்டி பிறந்தகத்திலிருந்து கொண்டுவந்தது என்று பெருமையாகச் சொன்னார். அந்தப் பெருமைதான் தடை. 100 ஆண்டு கடந்த சிலையைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்ல 1972-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தரவில்லை; மீறினால் மூன்றாண்டு வரை சிறை.

சொன்னேன், அத்தை நம்பவில்லை. அவருக்காகவே ஒரு தொல்பொருள் அலுவலகத்துக்குப் போனேன். முன்புறம், பின்புறம், பீடம் என்று படம் கேட்டார்கள். கொடுத்தேன். அளவும் எடையும் இல்லையே என்றார்கள். எழுதிக்கொண்டு போனால் அதிகாரி விடுப்பு. கடைசியில் ஒரே கேள்வி: "பதிவு செய்திருக்கிறீர்களா?" பழஞ்சிலையை அரசிடம் பதிய வேண்டும் என்றே வீட்டில் யாருக்கும் தெரியாது.

"சாமியைச் சுமக்க மனமில்லாதவன் சட்டம் பேசுகிறான்" என்றார் அத்தை. சித்தப்பாவை விட்டும் திட்டவைத்தார். நான் ஊரைவிட்டுப் போன நாள் முதல் அம்மனுக்கு விளக்கேற்றியவர் அத்தைதான். என்ன பதில் சொல்வது?

ஆகவே, வீட்டில் பழஞ்சிலை இருந்தால் பயணத்துக்கு முன்பே பேசிவிடுங்கள். ஊரில் யார் வைத்துக்கொள்வது, யார் பெயரில் பதிவது என்பதைத் தொலைபேசியிலேயே முடிவு செய்யுங்கள். எங்கள் அம்மன் இப்போது கும்பகோணத்தில், அத்தை மகளின் வாடகை வீட்டில் இருக்கிறாள். பதிவுக்கான தாள்களை அத்தை மகள்தான் அலைந்து சேர்க்கிறாள். அத்தை என்னோடு இன்னும் பேசவில்லை.