பழைய கணினி, புதிய விண்டோஸ்: செலவு செய்யும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடித்துக்கொண்டதை அடுத்து, நன்றாக உழைக்கும் கணினிகள்கூடப் பழைய இரும்பு விலைக்குப் போகின்றன. கணினி மெதுவாக இருப்பதும், விண்டோஸ் 11 அதை ஏற்க மறுப்பதும் வெவ்வேறு சிக்கல்கள் என்பதை உணராமல், இரண்டுக்கும் புதுக் கணினிதான் தீர்வு என்று முடிவுகட்டுவதே முதல் தவறு. 16 ஜி.பி. ரேமும் ஏழாம் தலைமுறை இன்டெல் ஐ7 பிராசஸரும் கொண்ட கணினி, பிராசஸர் பழையது என்பதால் பெரும்பாலும் ஏற்கப்படுவதில்லை, 4 ஜி.பி. ரேமுடன் வரும் மலிவான புது மடிக்கணினியோ தகுதி பெற்றுவிடுகிறது. இவற்றில் எது வேகமாக இயங்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நிறுவனம் அறிவிக்கும் குறைந்தபட்சத் தேவையைப் போதுமான அளவு என்று நம்புவது அடுத்த தவறு. 2001-இல் விண்டோஸ் எக்ஸ்பி 64 எம்.பி. ரேம் கேட்டது, விண்டோஸ் 11 கேட்பது 4 ஜி.பி. ஆனால் அந்த 4 ஜி.பி. நிறுவுவதற்கான அளவே தவிர, வேலை செய்வதற்கான அளவு அன்று. இன்றைய அரட்டைச் செயலிகள் பலவும் ஒரு பிரவுசரின் இயந்திரத்தையே உள்ளே சுமந்து வருவதால், நாலைந்து செயலிகளைத் திறந்தாலே ரேம் நிரம்பி, மிச்சம் வட்டுக்குத் தள்ளப்படுகிறது. விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் என்ற பத்தி 100 சதவீதத்திலேயே நின்று, பிராசஸரின் (சி.பி.யூ.) பயன்பாடு குறைவாக இருந்தால், குற்றவாளி பெரும்பாலும் பழைய ஹார்டு டிஸ்க்தான். அதை எடுத்துவிட்டு, அதைவிட வேகமான சேமிப்பகமான எஸ்.எஸ்.டி. பொருத்தி, இடமிருந்தால் ரேமையும் 8 ஜி.பி. ஆக்கினால், புதுக் கணினிக்கு ஆகும் செலவில் சிறு பகுதியிலேயே காரியம் முடிந்துவிடும். மடிக்கணினியில் ரேம் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறதா என்பதை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

ரேமைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் செயலிகளை நிறுவவே வேண்டாம். காலியாகக் கிடக்கும் ரேமில், அடிக்கடி தேவைப்படும் கோப்புகளை விண்டோஸ் தானே சேமித்து வைக்கிறது. அதைத் துடைத்தால், அவற்றை மறுபடியும் வட்டிலிருந்தே படிக்க வேண்டியிருக்கும்.

விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்பு வசதியான டி.பி.எம். 2.0 இல்லை என்ற அறிவிப்பைக் கண்டதும் கைவிடுவதும் அவசரமே. பல கணினிகளில் அது இருந்தும் அணைக்கப்பட்டிருக்கும். கணினி துவங்கும்போது திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில், பிராசஸர் இன்டெல் என்றால் பி.டி.டி. என்றும், ஏ.எம்.டி. என்றால் எஃப்.டி.பி.எம். என்றும் தேடிப் பாருங்கள். வட்டில் உள்ளவற்றைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் வசதி செயல்பாட்டில் இருந்தால், பயாஸைத் தொடும் முன் அதன் மீட்புச் சாவியைக் கட்டாயம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் உங்கள் கோப்புகளே உங்களுக்குத் திறக்காமல் போகக்கூடும்.

தகுதிச் சோதனையைக் குறுக்கு வழியில் தாண்டி நிறுவ முடியும் என்றாலும், அத்தகைய கணினிக்குப் புதுப்பிப்புகள் தொடர்ந்து வரும் என்பதற்கு மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. 24எச்2 என்ற பதிப்பு முதல், கோர் 2 டுவோ போன்ற பழைய பிராசஸர்களில் விண்டோஸ் 11 துவங்குவதே இல்லை. இத்தகைய கணினிக்கு, விண்டோஸுக்குப் பதிலாகப் பயன்படுத்தக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மிண்ட் தக்க மாற்று; அது கேட்பது 2 ஜி.பி. ரேம், வசதியாக இயங்க 4 ஜி.பி. அதையும் உடனே நிறுவிவிடாமல், பென் டிரைவிலிருந்து இயக்கி, பிரிண்டரும் வைஃபையும் தமிழ்த் தட்டச்சும் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று பார்த்த பிறகே முடிவெடுங்கள்.