லிதியம் பற்றரியை வீட்டில் பயமில்லாமல் சார்ஜ் செய்ய

போன், ரோச் லைற், பவர் பாங்க், மின்சார ஸ்கூட்டர் எல்லாவற்றுக்குள்ளும் இப்போது பெரும்பாலும் லிதியம் பற்றரிதான். அதற்குச் சூடு ஆகாது. சித்திரை வெய்யிலில் யாழ்ப்பாணத்துத் தகரக் கூரைக்குக் கீழே சார்ஜ் போடுகிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

முதல் வேலை, பிளக்கைத் தொடும் முன் பற்றரியைப் பார்ப்பது. போனின் பின்மூடி எழும்பியிருக்கிறதா, திரை ஓரத்தில் நகம் நுழையும் இடைவெளி தெரிகிறதா? அப்படியென்றால் உள்ளே வாயு சேர்ந்து பற்றரி ஊதிவிட்டது. இனி அதைச் சார்ஜ் போடாதீர்கள். ஊசியால் குத்திக் காற்றை எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். உள்ளே மெல்லிய தகடுகள் ஒன்றோடொன்று முட்டினால் கையிலேயே தீப்பிடிக்கும்.

அடுத்து இடம். வெறும் சீமெந்துத் தரை நல்லது. கட்டில், தலையணை வேண்டாம். ஸ்கூட்டரை வாசலை மறித்து வைத்துச் சார்ஜ் போடாதீர்கள், தீப்பிடித்தால் வெளியே ஓட வழியிருக்காது. பொதுவாக 45 பாகை செல்சியசுக்கு மேல் சார்ஜ் ஏற்றக்கூடாது. ஆகவே வெய்யிலில் ஓடிவந்த வண்டியை நிழலில் ஆறவிட்டுப் பிறகு போடுங்கள்.

சரி, சார்ஜர். இங்கேதான் பலர் பிழை விடுகிறார்கள். பற்றரிக்குள் செல் என்ற சிறு அலகுகள் இருக்கும். சாதாரண லிதியம் அயன் செல் ஒன்று நிரம்பும்போது 4.2 வோல்ட். 13 செல் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைத்த 48 வோல்ட் பற்றரி 54.6 வோல்ட்டில் நிரம்பிவிடும். ஈய அமில பற்றரிக்கான 48 வோல்ட் சார்ஜர் 58 வோல்ட்டைத் தாண்டியும் கொடுக்கும். பிளக் முனை பொருந்துகிறது என்பதற்காக அதைக் கொழுவாதீர்கள். சார்ஜரின் முதுகில் உள்ள எண்ணை வாசித்து, பற்றரியில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். பற்றரிக்குள் காவல் சர்க்கிட் இருந்தாலும் அதை நம்பி இந்த வேலை பார்க்க வேண்டாம்.

விழித்திருக்கும் நேரத்தில் சார்ஜ் போடுங்கள். கரண்ட் போனால் பிளக்கைக் கழற்றி, வந்து கொஞ்சம் கழித்துத் திரும்பப் போடலாம். மாரி வெள்ளத்திலோ கடல் நீரிலோ நனைந்த பற்றரி காய்ந்தாலும் வேண்டாம்.

சீறும் சத்தமோ புகையோ வந்தால் எல்லோரும் வெளியே போய்த் தீயணைப்புக்கு அறிவியுங்கள். அந்தப் புகை நச்சு.

பழுதான பற்றரியின் முனைகளில் ரேப் ஒட்டி, வீட்டுக்கு வெளியே மணல் போட்ட தகரத்தில் வைத்து, மின்னணுக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள். வளவில் குப்பை கொளுத்தும்போது அதற்குள் போடவே கூடாது.