பெயிண்டுக்கு முன் இரும்பில் துரு ஏறாமல் இருக்க
மலேசியாவின் பினாங்கில் உள்ள பட்டர்வொர்த் கடலோரத்தில் கேட்டைப் பளபளவென்று தேய்த்துவிட்டு, பிரைமர் (பெயிண்டுக்கு அடியில் பூசும் முதல் பூச்சு) நாளைக்கு அடிக்கலாம் என்று விட்டால் காலையில் செம்மஞ்சளாகத் துரு பூத்திருக்கும். ஈரத்தோடு உப்புக்காற்றும் சேரும் ஊர் இது, அதனால் முதலில் நல்ல தண்ணீரில் கழுவி உப்பை எடுங்கள், நன்றாகக் காயட்டும், அப்புறம்தான் தேய்க்க வேண்டும். தேய்த்த பிறகு தண்ணீர் வேண்டவே வேண்டாம்! தின்னர் தொட்ட சுத்தமான துணி போதும். கையுறை அவசியம், வியர்வையிலும் உப்புதான். உடனே, முடிந்தால் 4 மணி நேரத்துக்குள், பிரைமர்.

மழை விட்டதும் அவசரப்படாதீர்கள். காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், இரும்பின் வெப்பநிலை பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 3 டிகிரி செல்சியஸாவது கூடுதலாக இருக்க வேண்டும். கேமரன் மலைப் பக்கம் விடியற்காலையில் இரும்பே வியர்த்திருக்கும், வெயில் ஏறட்டும். வறண்ட ஊர்களில் தேய்த்த இரும்பு கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், பினாங்கில் அதை நம்பாதீர்கள்.