ஏக்கருக்கு நாளொன்றுக்கு 1,540 லிட்டர்: கடும் வறட்சியில் தென்னந்தோப்பைக் காப்பாற்றும் முறை

2016-ல் தமிழகத்துக்கு வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைவாகப் பெய்தது. அடுத்த ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. காங்கேயம், தாராபுரம், உடுமலைப் பக்கம் போர்வெல்கள் வற்ற, பலரும் லாரித் தண்ணீர் வாங்கித் தென்னைக்கு விட்டார்கள். அப்படி ஒரு கோடை திரும்ப வந்தால் இருக்கிற தண்ணீரை எப்படிப் பங்கிடுவது என்பதற்கான கணக்கு இது.

அடிமரத்தைச் சுற்றி எடுத்த வட்டப்பாத்தியில் பாய்ச்சினால் மரத்துக்கு ஒரு தடவைக்கு 410 லிட்டர் வேண்டும். 25 அடி இடைவெளியில் நட்ட தோப்பில் ஏக்கருக்கு 70 மரம் நிற்கும். ஒரு பாய்ச்சலுக்கே 28,700 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரியில் கிட்டத்தட்ட இரண்டரை லோடு. ஆறாம் நாள் மறுபடி அதே செலவு. எவராலும் முழுக் கோடைக்கும் தாக்குப்பிடிக்க முடியாது.

மேற்கு மாவட்டங்களுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தரும் சொட்டுநீர் அளவு வேறு. பிப்ரவரி முதல் மே வரை தண்ணீர் போதுமான அளவு இருந்தால் மரத்துக்கு நாளொன்றுக்கு 65 லிட்டர், ஓரளவு தட்டுப்பாட்டில் 45, கடும் தட்டுப்பாட்டில் 22. இந்த 22 லிட்டரை வைத்துப் பார்த்தால் ஏக்கருக்கு நாளொன்றுக்கு 1,540 லிட்டர்தான். ஒரு லாரி லோடு ஏழெட்டு நாள் வரும். இது மரம் உயிரோடு நிற்க மட்டுமே. காய்ப்பு குறையத்தான் செய்யும். ஆனால் இந்த 22 லிட்டரும் மண்ணுக்கு அடியில் போய்ச் சேர வேண்டும். மேல் மண்ணில் சொட்டவிட்டால் ஏப்ரல் வெயிலில் ஒரு பகுதி ஆவியாகிவிடும். மேல் ஓரடியில் வேரும் அதிகம் இருக்காது. தென்னையின் பெரும்பாலான வேர்கள் அடிமரத்தில் இருந்து ஆறடிக்குள், ஓரடி முதல் நாலடி ஆழத்தில் இருக்கின்றன.

அதனால் தண்ணீரைக் குழிக்குள் இறக்குங்கள். அடிமரத்தில் இருந்து ஒரு மீட்டர் தள்ளி, நாலு பக்கமும் எதிரெதிராக, ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓரடி ஆழத்தில் குழி எடுக்க வேண்டும். ஒவ்வொரு குழியிலும் 16 மி.மீ. குழாயில் 40 செ.மீ. துண்டு ஒன்றைச் சாய்வாக வைத்து, டிரிப்பரில் (சொட்டுவானில்) இருந்து வரும் மைக்ரோ டியூபை (மெல்லிய குழாயை) அதற்குள் விடுங்கள். பிறகு குழியைத் தென்னை நார்க்கழிவால் நிரப்பி மூடிவிடலாம்.

இங்கே நடக்கும் தவறு ஒன்றைக் கவனிக்க வேண்டும். மைக்ரோ டியூபின் நுனி சேற்றைத் தொட்டுக்கொண்டிருந்தால், மோட்டார் நிற்கும்போது குழாய் பின்னோக்கி இழுத்து மண்ணை உள்ளே வாங்கும். சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். நுனி குழாய்த் துண்டின் நடுவிலேயே தொங்கட்டும். துண்டின் அடிவாயில் ஒரு கைப்பிடி சிறு ஜல்லி போடுங்கள். குழிக்குள் நடக்கும் அடைப்பு வெளியே தெரியாது என்பதால், வாரம் ஒரு முறையாவது டியூபை உருவி, சொட்டுகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

மணிக்கு எட்டு லிட்டர் விடும் டிரிப்பர் நாலு இருந்தால் மணிக்கு 32 லிட்டர். 22 லிட்டருக்கு 41 நிமிடம் போதும். செம்மண், சரளை நிலத்தில் தினமும் விடுங்கள். கரிசலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரு மடங்காக விட்டாலும் மண் பிடித்து வைக்கும். நேரத்தை மட்டும் நம்பாமல் அளந்து பாருங்கள். முதல் மரத்திலும் கடைசி மரத்திலும் டிரிப்பருக்குக் கீழே பாட்டில் வைத்து ஆறு நிமிடம் பிடித்தால் 800 மி.லி. வர வேண்டும். கடைசி மரத்தில் 600-க்குக் கீழே இறங்கினால் அந்தப் பக்கத்து மரங்கள் பட்டினி கிடக்கின்றன என்று அர்த்தம். லேட்டரலின் (மரவரிசையில் ஓடும் பக்கக் குழாயின்) கடைசி மூடியைத் திறந்து கழுவிவிட்டு, ஃபில்டரைச் சுத்தம் செய்து, மறுபடி அளந்து பாருங்கள். வெள்ளையாக உப்பு படிந்திருந்தால் அமிலம் கலந்த நீரை, அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். தாளில் 4 காட்டும் அளவில் விட்டு, 24 மணி நேரம் நிறுத்தி வைத்து, பின் நன்றாக வெளியேற்ற வேண்டும். தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். அமிலத்தில் தண்ணீர் ஊற்றினால் முகத்தில் தெறிக்கும்.

போர்வெல் விட்டுவிட்டு ஊறினால் நேரடியாகச் சொட்டுநீருக்குக் கொடுக்காதீர்கள். காற்று கலந்து வரும், கடைசி மரம் வரை அழுத்தம் போகாது, மோட்டாரும் வறண்டு ஓடிக் கருகும். முதலில் தொட்டியில் சேர்த்துச் சின்ன மோட்டாரால் விடுங்கள். தரையை ஒட்டிய ஐந்தடித் தொட்டியின் உயரம் சாதாரண டிரிப்பருக்குப் போதாது. அதற்குச் சதுர செ.மீ.க்கு ஒரு கிலோ அழுத்தம் வேண்டும், அதாவது பத்து மீட்டர் உயரம். மோட்டார் இல்லையென்றால் டிரிப்பரைக் கழற்றிவிட்டு வெறும் மைக்ரோ டியூபில் விடலாம், ஆனால் ஒவ்வொரு மரத்தையும் அளந்து சரிசெய்ய வேண்டியிருக்கும்.

அடுத்தது மூடாக்கு, அதாவது ஈரம் காயாமல் மண்ணை மூடிவைப்பது. அடிமரத்தைச் சுற்றி ஆறடி வரை 100 தேங்காய் உரிமட்டைகளைக் குழிவான பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்துப் பரப்புங்கள். இல்லையென்றால் 15 காய்ந்த ஓலை, அல்லது நார்க்கழிவு பத்து செ.மீ. உயரத்துக்கு. நார்க்கழிவு தன் எடையைப் போல ஐந்து மடங்குக்கு மேல் தண்ணீர் பிடிக்கும். அதனாலேயே ஒரு ஆபத்தும் உண்டு: காய்ந்த நார்க்கழிவைப் பரப்பி அதன் மேல் குடத்தில் ஊற்றினால், எல்லாவற்றையும் அதுவே குடித்துவிடும், வேருக்கு ஒன்றும் போகாது. மண்ணை நனைத்த பிறகுதான் மூட வேண்டும். கரையான் உள்ள தோட்டத்தில் அடிமரத்தை ஒட்டி ஓரடி இடம் விடுங்கள். உரிமட்டையைக் குழி வெட்டிப் புதைக்கும் வேலையை வறட்சி நடுவில் ஆரம்பிக்காதீர்கள். இருக்கிற வேரும் அறுந்துபோகும்; மழை தொடங்கும்போது செய்ய வேண்டியது அது.

தொங்கிப்போன அடிமட்டைகளைக் கழித்தால் மரம் இழக்கும் நீர் குறையும். பச்சை மட்டையை வெட்ட நேர்ந்தால் அடிமரத்தில் இருந்து நாலடி விட்டு வெட்டுங்கள். ஒட்ட வெட்டினால் அந்தக் காயத்தின் வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டையிடும். வாடிய தோப்பில் அதைச் சமாளிப்பது மிகக் கஷ்டம். ஓலையின் அடிப்பக்கம் சுரண்டியது போலக் காய்ந்திருந்தால் அது வறட்சி இல்லை, கருந்தலைப்புழு. திருப்பிப் பார்த்தால் நூலாம்படையும் எச்சமும் தெரியும்.

யூரியாவை வறண்ட மண்ணில் போடவே கூடாது. வறட்சியைத் தாங்க உதவுவது பொட்டாஷ். ஈரம் இருக்கும்போதே, ஜூன்-ஜூலை, டிசம்பர்-ஜனவரி என இரண்டு தவணையாக, வருடத்துக்கு மரத்துக்கு இரண்டு கிலோ மியூரேட் ஆஃப் பொட்டாஷ் போட்டிருக்க வேண்டும். மார்ச்சில் ஞாபகம் வந்து போட்டால் பயனில்லை.

22 லிட்டரும் இல்லாத நிலை வந்தால் மரங்களைப் பிரிக்கத்தான் வேண்டும். மனசுக்குக் கஷ்டமான வேலை, ஆனால் எல்லாவற்றுக்கும் பத்து லிட்டர் என்று விட்டால் எல்லாமே போய்விடலாம். ஊடுபயிரான வாழையை முதலில் நிறுத்துங்கள். நன்றாகக் காய்க்கும் நடுவயது மரங்களுக்குச் சுண்ணாம்பில் குறியிட்டு அவற்றுக்கு முழு அளவு கொடுங்கள். மிக வயதான மரங்களையும் பென்சில் போலக் கொண்டை சிறுத்தவற்றையும் விட்டுவிடலாம். தென்னைக்கு வளரும் நுனி ஒன்றுதான். குருத்தை இழுத்தால் அழுகி கையோடு வருகிற மரத்துக்குத் தண்ணீர் விடாதீர்கள்.

மழை வந்ததும் மூடாக்கை ஒதுக்கி, உள்நோக்கிச் சாய்ந்த வட்டப்பாத்தி எடுத்துத் தண்ணீரை நிறுத்துங்கள். முதல் மழைக்கே முழு உரம் வேண்டாம்; புது வேர் விட்ட பின் பாதி அளவில் ஆரம்பிக்கலாம். காய்ப்பு உடனே திரும்பாது. பாளை மரத்துக்குள் உருவாகத் தொடங்கியதில் இருந்து காய் முற்றுவதற்கு ஏறக்குறைய 44 மாதம் ஆகிறது. வறட்சியின்போது உள்ளே இருந்த பாளைகள் இரண்டு, மூன்று வருடம் வரை குரும்பை உதிர்த்துக்கொண்டும் ஒல்லிக்காய் தந்துகொண்டும் இருக்கும். குருத்து நேராக, புது மட்டை முந்தையதை விடச் சின்னதாகாமல் வருகிற மரத்தை அதற்குள் வெட்டிவிடாதீர்கள்.