சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்ப்: குறைந்த விலையிலும் நல்லதாக எடுக்கலாம்

என் முதல் பம்ப் சில மாதங்களிலேயே மக்கர் செய்தது. கைப்பிடியை அழுத்தினால் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கும். மீட்டர் முள் அசையாது. தூக்கிப் போடுவதற்கு முன் உருளையின் மேல்மூடியைத் திருகித் திறந்து தண்டை வெளியே இழுத்தேன். நுனியில் இருந்த ரப்பர் வளையம் காய்ந்து, சுவரோடு ஒட்டாமல் கிடந்தது. விரல் நுனியில் கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ் எடுத்துச் சுற்றிலும் தடவி மாட்டியதும் டயர் கல் மாதிரி ஆனது.

அடுத்த பம்ப் வாங்கும்போது முதலில் பார்த்தது இதைத்தான்: மூடி கழற்ற வருகிறதா, வளையம் தனியாகக் கிடைக்குமா? மற்றதெல்லாம் பிறகுதான்.

வால்வைக் கவனியுங்கள். கார் டயரில் இருப்பது போன்ற தடித்தது ஷ்ரேடர், ஒல்லியானது ப்ரெஸ்டா. இரண்டுக்கும் பொருந்தும் தலை இருந்தால் நிம்மதி. ப்ரெஸ்டாவில் நுனியிலுள்ள குட்டித் திருகைத் தளர்த்தாமல் அடித்தால் காற்று ஏறாது. நானும் அதற்குப் பம்பைத்தான் சந்தேகப்பட்டேன்.

பம்பில் போட்டிருக்கும் '160 பிஎஸ்ஐ' (காற்றழுத்த அளவு) என்ற எழுத்துக்கு மயங்க வேண்டாம். உங்கள் டயரின் பக்கவாட்டில் எவ்வளவு போட்டிருக்கிறது என்று பாருங்கள். தடித்த டயருக்கு அழுத்தம் குறைவு, காற்றின் அளவு அதிகம். அதற்கு அகலமான உருளைதான் கைக்கு இதம். அடித்தட்டு இரண்டு பாதமும் ஊன்றும் அளவுக்கு இருக்கட்டும். என்னுடையது குறுகலாக இருந்ததால் ஒவ்வொரு அழுத்தலுக்கும் சாய்ந்தது.